நலம் நாடி: காய்ச்சல் விட்ட பின் கண்ணைக் கவனியுங்கள்



மார்கழி விடுமுறைக்கு ஊருக்குப் போன எம்மவர்கள் பலர் பொங்கலும் முடிந்து சுவிசுக்குத் திரும்பியிருக்கிறார்கள். பல ஆண்டுகளாக ஊர் மண்ணை மிதிக்க முடியாமல் இருந்தவர்கள், இங்கே குடியுரிமையும் கடவுச்சீட்டும் கிடைத்த பின், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் வருகிறார்கள். பெட்டிக்குள் பனங்கிழங்கும் ஒடியலும் வறுத்த மிளகாய்த்தூளும் வருகின்றன. சிலரோடு டெங்குக் காய்ச்சலும் சேர்ந்து வந்துவிடுகிறது.

டெங்கு பற்றி ஓரளவு எல்லோருக்கும் தெரியும். நுளம்பால் பரவுவது, எலும்பை முறிப்பது போன்ற உளைவைத் தருவது, சிலருக்கு உயிராபத்தை ஏற்படுத்துவது என்பவை நாம் கேட்டறிந்த சங்கதிகளே. ஆனால் டெங்கு கண்ணையும் தாக்கலாம் என்பதும், அதுவும் காய்ச்சல் விட்டு "இனிச் சுகம்தான்" என்று நாம் மூச்சு விடும் நேரத்தில் தாக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. எமக்கு நன்கு அறிமுகமான ஒரு தாயாருக்கு நேர்ந்ததை அறிந்த பின்னரே, இம்முறை இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தீர்மானித்தோம். பெயரையும் ஊரையும் குறிப்பிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன், தமது அனுபவத்தை எழுத அவர் சம்மதித்தார்.

மணிக்கூட்டின் முள்ளைக் காணவில்லை

தாயின் ஆண்டுத் திவசத்துக்காக யாழ்ப்பாணம் போன அவர், திரும்பி வந்த நான்காம் நாள் காய்ச்சலில் விழுந்தார். கண்ணுக்குப் பின்னால் குத்து, மூட்டு உளைவு, சாப்பாட்டில் வெறுப்பு. குடும்ப வைத்தியரிடம் போனபோது, ஊருக்குப் போய் வந்ததை மகன் மறக்காமல் சொன்னான். அதனால் உடனே இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டெங்கு என்று தெரிந்தது. அந்தக் குடும்பம் சரியாகச் செய்த முதற் காரியம் இது.

ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. எட்டாம் நாள் காலை, குசினிச் சுவரில் உள்ள மணிக்கூட்டைப் பார்த்தபோது அதன் விளிம்பும் ஓரத்து இலக்கங்களும் தெரிந்தன. நடுவில் முள்ளு இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சாம்பல் நிறப் புகை. கண்ணைக் கசக்கிப் பார்த்தார், முகம் கழுவிப் பார்த்தார், போகவில்லை.

"எனக்கு ஒண்டுமில்லையடா தம்பி, காய்ச்சல் விட்டிட்டுது. கண்தான் கொஞ்சம் மங்கலாக் கிடக்கு" என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். அன்று பின்னேரம் வைத்தியரிடம் போனபோது, பதினான்கு வயது மகன் அதை மொழிபெயர்த்த விதம்: "அம்மாவுக்குக் கண் களைப்பாக இருக்குதாம்." காய்ச்சலால் அடிபட்டவருக்குக் களைப்பு இருப்பது இயல்புதானே என்று, ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதன் பின் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவர் சீனி வருத்தம் கூடியிருக்கும் என்றார். இன்னொருவர் வெள்ளெழுத்து என்றார். கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பார்த்ததில், கண்ணாடியின் வலுவில் மாற்றமில்லை என்றார்கள். வேலை பறிபோகுமோ என்ற பயத்தில், ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டே சமையலறை வேலைக்கும் போனார். காய்ச்சல் தொடங்கிப் பத்தொன்பதாம் நாள்தான், வேறொரு வைத்தியர் அனுப்பி, கண் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தார். இரண்டு கண்களிலும் விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியிருந்தது. இடது கண்ணில் சிறு இரத்தக் கசிவும் இருந்தது.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மகன் தனக்குத் தெரிந்த சொல்லைச் சொன்னான். வைத்தியர் தமக்குச் சொல்லப்பட்டதைக் கேட்டார். ஆனால் இடையில் பதினொரு நாட்கள் கடந்துவிட்டன. அந்த நாட்கள் இன்னொரு வீட்டில் வீணாகக் கூடாது என்பதே எமது கவலை.

கண்ணில் நடப்பது என்ன?

எமது கண்ணின் பின்புறத்தில் விழித்திரை என்ற மெல்லிய படலம் உண்டு. அதன் நடுவில் மிகச் சிறிய ஓர் இடம் மஞ்சட்பொட்டு எனப்படும். படிப்பது, ஊசிக்கு நூல் கோர்ப்பது, ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னார் என்று அறிவது எல்லாம் இந்தப் பொட்டின் வேலை. ஓரப் பார்வைக்கு விழித்திரையின் மற்றப் பகுதிகள் போதும். நேர்ப் பார்வைக்கு இந்தப் பொட்டு வேண்டும்.

டெங்கு வைரசு உடலில் புகுந்ததும் எமது எதிர்ப்புச் சக்தி அதனோடு போரிடத் தொடங்குகிறது. ஒரு கிழமை அளவில் வைரசு இரத்தத்தில் இருந்து பெருமளவு அகன்று காய்ச்சல் இறங்கும். ஆனால் உடலின் எதிர்ப்பு வேலை அப்போதுதான் உச்சத்தில் நிற்கும். அதன் விளைவாக மயிர்த்துளைக் குழாய்களின் சுவர்கள் கசியத் தொடங்கலாம். இரத்தம் உறைவதற்கு உதவும் குருதிச் சிறுதட்டுக்களும் ஏறத்தாழ இதே நாட்களில்தான் மிகவும் குறைந்து காணப்படும். விழித்திரையில் உள்ள குழாய்களோ மிக நுண்ணியவை. அங்கே கசிவு ஏற்பட்டால் மஞ்சட்பொட்டு வீங்கும். சில வேளை இரத்தப் புள்ளிகள் தோன்றும். சில வேளை குழாய்களே அழற்சியடையும். கண்ணில் இருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு பாதிக்கப்படுவதும் உண்டு. பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கி ஏறத்தாழ ஒரு கிழமையில் இவை தலைகாட்டுகின்றன. எமது தாயாருக்கு எட்டாம் நாள் வந்தது இதனால்தான்.

இது எத்தனை பேருக்கு வருகிறது? எல்லாப் பரவல்களிலும் ஒரே அளவாக இல்லை. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டு டெங்கு பரவியபோது, வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டோரைப் பரிசோதித்ததில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மஞ்சட்பொட்டுப் பாதிப்பு இருந்தது. 2007ஆம் ஆண்டு அங்கே பரவியது பெரும்பாலும் வேறு வகை டெங்கு வைரசு. அப்போது பரிசோதிக்கப்பட்டவர்களிடம் அது காணப்படவில்லை. டெங்கு வைரசில் நான்கு வகைகள் உண்டு என்பதையும், ஒரு வகை வந்து போனவருக்கு மற்றொரு வகை திரும்ப வரலாம் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். இரண்டாம் முறை வரும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். "எனக்கு முந்தியே டெங்கு வந்திட்டுது, இனி வராது" என்று சொல்பவர்கள் எம்மிடையே பலர். அது தவறு.

எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம்?

காய்ச்சல் நாட்களில் கண்ணுக்குப் பின்னால் குத்துவதும், கண்ணை உருட்டும்போது நோவதும் டெங்கின் வழமையான குணங்கள். இதனால் மட்டும் பார்வை கெடுவதில்லை.

வெள்ளை விழியில் திடீரென்று ஒரு சிவப்புத் திட்டு தோன்றலாம். பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அது மேற்படலத்தின் கீழ் ஏற்பட்ட சிறு இரத்தக் கசிவு மட்டுமே என்றால், பார்வையைப் பாதிக்காமல் ஓரிரு கிழமைகளில் தானாகவே மறைந்துவிடும். ஆயினும் உடலில் இரத்தம் கசியும் தன்மை இருப்பதற்கு அது ஓர் அறிகுறியாகையால், வைத்தியருக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

மறுபக்கம், விழித்திரையில் நடப்பது வெளியே தெரிவதில்லை. கண் சிவக்காது, நோகாது, பீளை தள்ளாது. மற்றவர்கள் பார்த்து "கண் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். பாதிக்கப்பட்டவர் சொன்னால் ஒழிய வேறெவரும் அறிய முடியாது. பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வைத்தியருக்கு அறிவியுங்கள்:

பார்க்கும் இடத்தின் நடுவில் புகை, நிழல் அல்லது கறுப்புப் பொட்டு தெரிதல். நேர்க்கோடுகள் வளைந்து அல்லது நெளிந்து தெரிதல். எழுத்துகளின் நடுவே சில எழுத்துகள் காணாமற் போதல். நிறங்கள் மங்கித் தெரிதல். கண்முன்னே புதிதாகப் பூச்சிகள் பறப்பது போலவோ மின்னல் வெட்டுவது போலவோ தோன்றுதல்.

வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண் கூசி, நொந்து, சிவந்திருந்தால் அது கண்ணின் முன்பகுதியில் ஏற்பட்ட அழற்சியாக இருக்கலாம். இது காய்ச்சல் மாறிச் சில கிழமைகள் கழித்தும் வருவதுண்டு. ஆகவே டெங்கு வந்து போனவர், அடுத்த சில மாதங்களுக்குள் எந்தக் கண் வைத்தியரிடம் போனாலும், "எனக்கு இன்ன மாதம் டெங்கு வந்தது" என்று சொல்வது நல்லது.

வீட்டிலேயே ஒரு பரிசோதனை

எமது இரண்டு கண்களும் ஒன்றுக்கொன்று துணை நிற்பவை. ஒரு கண்ணில் ஓட்டை விழுந்தாலும் மற்றது அதை மூடி மறைத்துவிடும். இதனால் ஒரு கண்ணில் மட்டும் பாதிப்பு வந்தவர் நாட்கணக்காக அதை அறியாமலே இருக்கலாம். ஆகையால் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

கண் வைத்தியர்கள் சிறு சதுரங்கள் கொண்ட ஒரு கட்டப் படத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு அம்ஸ்லர் கட்டம் என்று பெயர். அதை உருவாக்கிய மார்க் அம்ஸ்லர் என்ற கண் வைத்தியர் சுவிஸ் நாட்டவரே. அந்தப் படம் கிடைக்காவிட்டால், பிள்ளைகள் கணக்குச் செய்யும் சதுர றூள் கொப்பியில் ஒரு தாள் போதும். தாளின் நடுவில் பேனையால் ஒரு புள்ளி வையுங்கள். வாசிக்கும் கண்ணாடி பாவிப்பவர் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல வெளிச்சத்தில், புத்தகம் வாசிக்கும் தூரத்தில் தாளைப் பிடித்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, மற்றக் கண்ணால் புள்ளியையே பாருங்கள். புள்ளி தெரிகிறதா? அதைச் சுற்றியுள்ள கோடுகள் நேராக உள்ளனவா? எங்காவது கட்டங்கள் அழிந்தோ மங்கியோ உள்ளனவா? பிறகு மற்றக் கண்ணுக்கும் அப்படியே செய்யுங்கள்.

காய்ச்சல் தொடங்கிய ஐந்தாம் நாளில் இருந்து இரண்டு மூன்று கிழமைகளுக்குத் தினமும் ஒரு தடவை இதைச் செய்தால், இரண்டு நிமிடத்துக்கு மேல் செலவாகாது. கோடு நெளிந்து தெரிந்தால் அந்த இடத்தைத் தாளிலேயே வட்டமிட்டு, வைத்தியரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள். மொழி தடுமாறும் இடத்தில் அந்த வட்டம் பேசும். ஆனால் ஒன்று: கட்டம் சரியாகத் தெரிகிறது என்பதற்காக, வேறு அறிகுறிகள் இருக்கையில் வைத்தியரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

சிறு பிள்ளைகள் இதைச் செய்யமாட்டார்கள். அவர்கள் புத்தகத்தை ஒரு பக்கமாகச் சரித்துப் பார்த்தாலோ, தொலைக்காட்சிக்கு மிகக் கிட்டப் போனாலோ, கீழே கிடக்கும் பொருளை எடுக்கத் தடவினாலோ கவனியுங்கள்.

வைத்தியரிடம் எப்படிச் சொல்வது?

"கண் மங்கலாக இருக்கு" என்று தமிழில் நாம் சொல்வது பல சங்கதிகளைக் குறிக்கும். களைப்பும் மங்கல்தான், வெள்ளெழுத்தும் மங்கல்தான், விழித்திரை வீங்கினாலும் மங்கல்தான். வைத்தியருக்கு வேண்டியது நான்கு விபரங்கள்: காய்ச்சல் தொடங்கிய திகதி, பார்வை மாறிய திகதி, எந்தக் கண், மங்கல் நடுவிலா, ஓரத்திலா, முழுவதுமா. இவற்றை முதல் நாளே ஒரு தாளில் எழுதி, மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு மாற்றி எழுதுவித்துக் கொண்டு போங்கள். "டெங்கு" என்ற சொல் எல்லா மொழியிலும் ஏறத்தாழ ஒன்றே. அதைத் தயங்காமல் முதலில் சொல்லுங்கள்.

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்குவது எம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. வேறு வழியில்லாத நேரம் அது. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நோயின் பாரத்தையும் சொல்லின் பாரத்தையும் சேர்த்துச் சுமத்துவது நியாயமல்ல. அந்த மகன், தன் ஒரு சொல்லால்தான் அம்மாவுக்கு இப்படி வந்தது என்று பல நாள் நித்திரையில்லாமல் இருந்தானாம். அவனிடம் நாம் சொன்னது இதுதான்: "தம்பி, ஊருக்குப் போய் வந்ததைச் சொல்லி நோயைக் கண்டுபிடிக்க உதவினவனும் நீதான்." பெரிய வைத்தியசாலைகளுக்குப் போகும்போது, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

சிகிச்சை என்ன?

கண் வைத்தியர் துளி மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, உள்ளே பார்ப்பார். அதன் பின் சில மணி நேரம் பார்வை கூசும். ஆகவே வாகனம் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். விழித்திரையின் படைகளைப் படமெடுக்கும் ஸ்கான் ஒன்றும் செய்யப்படும். அதில் நோவில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலானோருக்குப் பார்வை சில கிழமைகளில் அல்லது மாதங்களில் தெளிந்துவிடுகிறது. பலருக்குக் கண்காணிப்பு மட்டுமே போதுமாகிறது. பாதிப்புக் கடுமையாக இருந்தால், அழற்சியைத் தணிக்க ஸ்ரீரொயிட் வகை மருந்து கொடுப்பார்கள். அதை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பது வைத்தியர்கள் நிதானித்து முடிவு செய்ய வேண்டியது. அந்த மருந்து இரத்தத்தில் சீனியைக் கூட்டும் என்பதால், சீனி வருத்தம் உள்ளவர்கள் அதை முன்னரே சொல்லிவிடுங்கள். சிலருக்கு நடுவில் சிறு மங்கல் நிலைத்து நின்றுவிடுவதும் உண்டு. யாருக்கு நிற்கும், யாருக்கு மாறும் என்பதைக் கண் வைத்தியர் தொடர்ந்து பார்த்தே சொல்ல முடியும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், ஊரில் இருந்து கொண்டுவந்த பழைய துளி மருந்து எதையும் கண்ணில் விடாதீர்கள். விழித்திரை கண்ணின் பின்னால் இருக்கிறது. மேலே விடும் சாறு அங்கே போகாது, கண்ணின் மேற்பரப்பில் கிருமி சேர்க்கத்தான் உதவும்.

காய்ச்சலுக்கு அஸ்பிறின், இபுபுறோபன், டிக்ளோபினாக் ஆகியவற்றை எடுக்க வேண்டாம். அவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. பரசிற்றமோல் மட்டுமே பொருத்தமானது. ஊரில் பனடோல் என்று வாங்குவதும் இங்கே டவல்கான் என்று வாங்குவதும் அதே மருந்துதான். இரண்டையும் வேறு வேறு என்று நினைத்துச் சேர்த்து விழுங்கினால் அளவு மீறி ஈரலைப் பாதிக்கும்.

காய்ச்சல் இறங்கும் நாட்களில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசில் அல்லது மூக்கில் இரத்தம், கை கால் குளிர்தல், அசாதாரணச் சோர்வு என்பவை தோன்றினால் கண்ணைப் பற்றி யோசிக்க நேரமில்லை. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு

இலங்கையில் டெங்கு ஆண்டு முழுவதும் உண்டு. ஆனாலும் இரண்டு மழைக்காலங்களையொட்டி அது பெருகுகிறது: ஆனி, ஆடி மாதங்களில் கொழும்புப் பக்கம், மார்கழி, தை மாதங்களில் எமது வடக்குக் கிழக்கில். எமது பிள்ளைகளின் பள்ளி விடுமுறைகளும் ஏறத்தாழ இதே மாதங்களில்தான். 2017ஆம் ஆண்டு மட்டும் அந்நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவாகியது. 400 பேருக்கு மேல் இறந்தனர்.

டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. காலையிலும் பின்னேரத்திலும் கூடுதலாகக் கடிக்கும். இரவில் வலை கட்டிப் படுப்பது மட்டும் போதாது. பிள்ளைகளுக்கு நீளக் கையுடுப்புப் போட்டு, நுளம்பு விரட்டும் பூச்சைப் பூசிவிடுங்கள். முற்றத்தில் கிடக்கும் சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு, மூடாத தொட்டி எல்லாம் அதன் பிறப்பிடங்கள். திரும்பி வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், "ஊருக்குப் போய் வந்தோம்" என்ற சொல்லே வைத்தியரிடம் முதற் சொல்லாக இருக்கட்டும்.

அந்தத் தாயாரின் வலது கண் மூன்று மாதங்களில் முழுமையாகத் தெளிந்துவிட்டது. இடது கண்ணில் ஒரு சிறு புகை இன்னும் இருக்கிறது. வாசிக்கும்போது மட்டும் தெரிகிறதாம். குசினி மணிக்கூட்டின் முள்ளு இப்போது தெரிகிறது. இதை எழுதி முடித்து அவருக்கு வாசித்துக் காட்டியபோது, "அந்தச் சதுரக் கொப்பிச் சங்கதியைக் கொஞ்சம் பெரிசாப் போடுங்கோ" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவரது விருப்பப்படி, இப்பக்கத்தைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். ஊருக்குப் போகும் உறவினருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

இப்பகுதி வைத்தியரின் இடத்தைப் பிடிப்பதற்காக எழுதப்படுவதல்ல. வைத்தியரிடம் போகும்போது உங்கள் கையில் நாலு சரியான சொற்கள் இருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதப்படுகிறது. உங்கள் அனுபவங்களையும் கேள்விகளையும் எமக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம்.